பலராமன் அண்ணாச்சியின் நூறாவது நாள்

ஒரு மனிதன் ஸ்ட்ரெச்சரில் படுத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், "நெஞ்சு வலி விபத்துல சேராது சுகா. போர்டுல யாரும் கைய வெக்க வாணாம்னு சொல்லிடு" என்று சொல்வானா? பலராமன் அண்ணாச்சி சொன்னார். ஈ.சி.ஜி. எடுத்து, அதைப் பார்த்ததும் எனக்கே நெஞ்சு அடைத்து, மாத்திரைகளை மென்று விழுங்க வைத்து, ஆம்புலன்சுக்குப் போன் போட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் நான். அவருக்கோ போர்டுக் கவலை. அந்த நிமிஷம் ஓங்கி ஒன்று விட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நோயாளியை அடிக்கக் கூடாது என்று நர்சிங் படிப்பில் சொல்லிக் கொடுத்திருந்ததால் தப்பித்தார்.

நான் சுகப்பிரியா. சொந்த ஊர் சங்கரன்கோவில். ஒரகடத்தில் கார் சீட் செய்கிற ஒரு கம்பெனியின் மருத்துவ அறையில் நர்ஸ். வல்லம் வடகாலில் பலராமன் அண்ணாச்சி வீட்டு மாடியில்தான் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறேன். அதே கம்பெனியில் அவர் மூன்றாம் லைனுக்கு லீடர். படியிறங்கினால் வீட்டுக்காரர், வேலைக்குப் போனால் லைன் லீடர். அவரிடமிருந்து தப்பிக்க எனக்கு வழியே கிடையாது. முதல் நாள் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டதற்கு, "நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிகினு கீறேன்?" என்று கேட்டவர், கேட்டு முடிக்கும் முன்பே சிரித்தார். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிற ரகம்.

அந்தப் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு லைனிலும் ஒரு பச்சை போர்டு தொங்கும். "விபத்து இல்லாத நாட்கள்" என்று எழுதி, கீழே ஓர் எண். காலை ஷிப்ட் தொடங்கியதும் அண்ணாச்சி தன் கையாலேயே எண்ணை மாற்றுவார். மாற்றிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று ஒரு பார்வை பார்ப்பார். அவருக்கு நெஞ்சு வலி வந்த அன்று மூன்றாம் லைனின் எண் ஐந்நூற்றுப் பதினான்கு. ஒரு விரல் கிழிந்து என் ரெஜிஸ்டரில் ஏறினால் போதும், அது பூஜ்யமாகிவிடும். பூஜ்யமானால் மேனேஜர் வருவார், பாதுகாப்பு அதிகாரி வருவார், பன்னிரண்டு பக்கப் படிவம் வரும். அதனால் கிழிந்த விரல்கள் எல்லாம் பின்வாசல் வழியாக என்னிடம் வரும். கூடவே அண்ணாச்சியும் வருவார். "ஒரு பிளாஸ்திரி ஒட்டி வுட்டுடு சுகா. புக்குல ஏத்தாத. லைன் மானம் போய்டும்." நானும் ஒட்டி அனுப்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் முழுக் கட்டைவிரலையே மறைத்திருக்கிறோம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தொன்று. வல்லம் வடகாலிலேயே பிறந்து வளர்ந்தவர். குடும்பத்து நிலம் தொழிற்பேட்டைக்குப் போனதைப் பற்றிக் கேட்டால், "எங்கப்பாரு நெல்லு நட்டாரு, இப்ப பாய்லர் மொளச்சிருக்கு. நல்ல வெளச்சல்" என்பார். அதற்கும் சிரிப்பார். ஒப்பந்த ஆளாகச் சுமை இறக்கப் போனவர், பதினேழு வருஷத்தில் லைன் லீடர் ஆனார். மெஷின் சத்தத்தை மீறிக் கேட்கும் தொண்டை. தெருவில் கல்யாணம் என்றால் சாம்பார் வாளி அவர் கையில்தான். போதும் என்று இலையை மறைப்பவரின் கை மேலேயே ஊற்றிவிடுவார். ஒரே மகளைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மனைவி கனகம் அக்காவுக்கு அவரைவிடப் பெரிய தொண்டை. இருவரும் இன்றைக்கு என்ன குழம்பு என்று பேசிக்கொண்டாலே, புதிதாகக் குடிவந்தவர்கள் சண்டையை விலக்க ஓடிவருவார்கள். முதல் வாரம் நானும் ஓடியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்துவிட்டு, இதய ரத்தக் குழாயில் அடைப்பை விரித்துப் பிடிக்கிற இரண்டு ஸ்டென்டும் கையில் ஒரு பை மாத்திரையுமாக அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். "டென்ஷன் ஆகாம பாத்துக்குங்க" என்று டாக்டர் போகிற போக்கில் சொன்னதைக் கனகம் அக்கா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். டி.வி.யில் படம் ஓடும், சத்தம் வராது. விசில் அடித்தால் அவருக்குத் தூக்கிவாரிப் போடும் என்று குக்கர் பரணுக்குப் போனது. காய் விற்கிறவர் தெருமுனையிலேயே ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத்தான் எங்கள் வாசலைக் கடக்க வேண்டும் என்று உத்தரவு. ஊரையே அதட்டிக்கொண்டிருந்த அக்கா கிசுகிசுக்கத் தொடங்கினார். அவர் கிசுகிசுப்பது மாடியில் எனக்கு நன்றாகவே கேட்டது என்பது வேறு விஷயம்.

அண்ணாச்சி சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். தினம் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். வாசற்படிவரை வந்துவிட்டுத் திரும்பிவிடுவார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. சம்பந்தமே இல்லாமல் கண் கலங்கும். தினமும் காலையில் நான் பி.பி. பார்ப்பேன், நாடி பார்ப்பேன், எல்லாம் ஒழுங்காக இருக்கும். "பயந்துட்டாவ அக்கா, தானா சரியாப் போயிரும்" என்று சொன்னேன். பத்து வருஷ அனுபவம் உள்ள நர்ஸ் சொன்னது இது. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

நாலாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, ஷிப்ட் முடிந்த கையோடு மணிகண்டபிரபு வந்தான். ராஜபாளையத்துக்காரன், கம்பெனியின் தரக் குழுவுக்குத் தலைவன். ஒரு திருகாணி கழன்றால்கூட "ஏன்?" என்று ஐந்து முறை கேட்டு, மூல காரணத்தைக் கண்டுபிடித்துச் சுவரில் ஒட்டினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். கூடவே வெங்கடேசன் வந்தான். கனகம் அக்காவின் தம்பி, மூன்றாம் லைனுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன். ஹாலில் பெரிய சார்ட் பேப்பரை விரித்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், நானும் போய் உட்கார்ந்தேன்.

"மொத ஏன்" என்றான் மணிகண்டபிரபு. "அண்ணன் ஏன் சிரிக்க மாட்டேங்காரு?"

"நெஞ்சு வலி வந்துச்சில்ல" என்றான் வெங்கடேசன்.

"ரெண்டாவது ஏன். நெஞ்சு வலி ஏன் வந்துச்சு?"

"ரத்தக் குழாயில அடைப்பு." இதைச் சொன்னது நான்.

"மூணாவது ஏன். அடைப்பு ஏன் வந்துச்சு?"

"பரோட்டா. ஒரகடம் கூட்ரோட்ல டெய்லி நாலு துன்னுவாரு மாமா. சால்னாவ மேல ரொப்பிகினு."

"நாலாவது ஏன். பரோட்டா ஏன் தின்னாரு?"

வெங்கடேசன் யோசிக்காமல் வாயைத் திறந்தான். "வூட்ல அக்கா சமைக்கிற சமையலு..."

சமையலறையிலிருந்து கனகம் அக்கா எட்டிப் பார்த்தார். கரண்டி கையில் இருந்தது. "இன்னாடா?" என்று கிசுகிசுத்தார். நாலாவது ஏன் உடனே அடிக்கப்பட்டது.

ஆக, ஒரு மனிதர் ஏன் சிரிக்கவில்லை என்று கிளம்பி, பரோட்டாவில் போய் முட்டிக்கொண்டு நின்றோம். மூன்று பேர், ஒன்றரை மணி நேரம். பத்தடி தள்ளி உள்ளே படுத்திருந்தவரிடம் ஒருவரும் ஒரு "ஏன்" கேட்கவில்லை. கம்பெனியில் மெஷினைக் கேட்டா காரணம் எழுதுகிறோம்? அந்தப் பழக்கம்தான்.

காரணம் கிடைத்தால் நடவடிக்கை வேண்டும் அல்லவா? மணிகண்டபிரபு மறுநாளே ஒரு வெள்ளைப் போர்டோடு வந்து ஹால் சுவரில் ஆணி அடித்தான். "பலராமன் அண்ணன்: சந்தோஷமான நாட்கள்" என்று பச்சை மையில் எழுதியிருந்தான். கீழே, "இலக்கு: 100". காலையில் நான் பி.பி. பார்க்கும்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்றால் ஒரு நாள் கூடும். இல்லை என்றால் பூஜ்யம். போர்டைப் போட்டோ எடுத்து லைன் வாட்ஸப் குழுவில் போட வேண்டும்.

அப்போதே கேட்டேன். "எப்படி இருக்கிய அண்ணாச்சி?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, மார்க்கர் பேனாவை மூடி திறந்து தயாராக வைத்துக்கொண்டிருந்த கனகம் அக்காவைப் பார்த்தார். அக்காவின் முகத்தில் அப்படி ஓர் ஆசை.

"நல்லா கீறேன்" என்றார்.

அக்கா "1" என்று எழுதினார். குழுவில் நாற்பத்தேழு பேர் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. பத்தாவது நாள் அண்ணாச்சி "சூப்பர்" என்றார். இருபத்தைந்தாவது நாளுக்குக் கேன்டீனில் கேசரி போட்டார்கள். ஐம்பதாவது நாள் வெங்கடேசன் குன்றத்தூர் மலைக்கு நடந்தே போய் மொட்டை போட்டு வந்தான். தலையில் ஏற்கெனவே பாதி கிடையாது என்பதால் வேலை சீக்கிரம் முடிந்ததாம். டீக்கடையில் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல, "இன்னிக்கு எவ்ளோப்பா?" என்று விசாரித்தார்கள். "எழுபத்தி ரெண்டு, நாட் அவுட்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். சூப்பராக இருக்கிற மனிதர் ஏன் மூன்று மாதமாக வேலைக்கு வரவில்லை என்று, எதற்கெடுத்தாலும் ஐந்து ஏன் கேட்கிற எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் தினமும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் உள்ளேயே இருந்தார். மாத்திரைச் சூடு, வயிறு சரியில்லை என்று நான் விளக்கம் சொன்னேன். எங்கள் தெரு நாய் திடீரென்று பெருத்துப்போனது. அண்ணாச்சியின் தட்டிலிருந்துதான் அதற்குச் சோறு போகிறது என்று நாய்க்கு மட்டுமே தெரியும்.

தொண்ணூற்றேழாவது நாள், வியாழக்கிழமை, வெங்கடேசன் மருத்துவ அறையின் பின்வாசல் வழியாக வந்தான். ஆள்காட்டி விரலைக் கைக்குட்டையில் சுற்றியிருந்தான். சரக்கு அடுக்கும் பேலட் நசுக்கியிருந்தது. பிரித்தால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

"தையல் போடணும்" என்றேன். "ஆஸ்பத்திரிக்கு அனுப்புதேன்."

"ஐயோ வாணாம் சுகா. லைன் இப்ப அறுநூத்தி நாப்பதுல கீது. மாமா கட்டி வளத்த நம்பரு. அவரு இல்லாத நேரத்துல நான் போய் கெடுக்கறதா?"

நானும் கழுவிக் கட்டுப் போட்டேன். ரெஜிஸ்டரைத் திறக்கவில்லை. கட்டிக்கொண்டே, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை அரும்பியிருக்க, "சூப்பர்" என்றான் வெங்கடேசன்.

கையில் கத்தரிக்கோலோடு அப்படியே நின்றுவிட்டேன். இதே சொல்லை, இதே முகத்தோடு, தினமும் காலையில் ஏழே காலுக்கு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுப் போட்டோவும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஒரு தப்பு பண்ணிட்டேன் அண்ணாச்சி. வெங்கடேசன் அண்ணன் விரலு நசுங்கிருச்சு. புக்குல ஏத்தல."

அவர் திரும்பினார். "எந்த விரலு?"

"ஆள்காட்டி."

"எலும்பு தெரியுதா?"

"தெரியுது."

"தையலு?"

"போட்டிருக்கணும். போடல."

நாலு மாதத்தில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல மூன்று கேள்வி கேட்டது அன்றுதான். "வலிக்குதாமா அவனுக்கு?" என்று நாலாவதும் கேட்டார்.

"சூப்பர்னு சொல்லுதாவ."

"அப்பிடித்தான் சொல்லுவான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்களும் அப்படித்தான் சொல்லுதியளா அண்ணாச்சி?"

அவர் வாய் திறந்தது. சத்தியமாகத் திறந்தது. அந்த நேரம் பார்த்துக் கனகம் அக்கா கேழ்வரகுக் கஞ்சியோடு வந்தார். "சுகா, நூறாவது நாளுக்குக் கேக்கு சொல்லியாச்சி. மேனேஜரே வர்றாராம்" என்று பூரிப்போடு கிசுகிசுத்தார். அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார். "நல்லா கீறேன் சுகா" என்றார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. மாத்திரைப் பட்டைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் தேதிப்படி காலியாகியிருந்தன. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மாத்திரையை விட்டால், வைத்த இடத்திலேயே அடைத்து ஆளையே கொண்டுபோய்விடும். நல்லவேளை, அதிலெல்லாம் குறை இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அக்காவிடம், "இந்தப் போர்டு வேண்டாம்க்கா, கழட்டிருவோம்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். "இன்னும் மூணே நாளு சுகா. வூட்டுக்கு இப்பதான் நல்ல காலம் வந்துருக்குது, கெடுத்துடாத" என்றார். அவர் கண்ணைப் பார்த்து என்னால் மேலே பேச முடியவில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவள், எரிந்து விழ வேண்டிய அன்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஷாமியானா. அறுபது பேர். மேனேஜர் ஸ்ரீதர் கம்பெனி பஸ்ஸிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். கேக்கில் பச்சை கிரீமில் "100". அண்ணாச்சிக்கு இஸ்திரி போட்ட சட்டை; தோளில் தொளதொளவென்று நின்றது. போர்டைக் கழற்றி வெளியே நாற்காலி மேல் வைத்திருந்தார்கள். அதில் தொண்ணூற்று ஒன்பது. நூறை அவர் கையாலேயே எழுத வேண்டும் என்று மணிகண்டபிரபு அறிவித்தான். எல்லாரும் கையில் போனை ஏந்திக்கொண்டு நின்றார்கள்.

அண்ணாச்சி மார்க்கரை வாங்கினார். தொண்ணூற்று ஒன்பதை உள்ளங்கையால் துடைத்தார். "0" என்று எழுதினார்.

"அண்ணே, நூறுக்கு ரெண்டு சைபர் வேணும். முன்னாடி ஒரு ஒன்னு" என்று யாரோ சொல்ல, கூட்டமே கொல்லென்று சிரித்தது.

"இல்ல" என்றார் அண்ணாச்சி. "ஒத்த சைபருதான்."

சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அவர் அதற்குள்ளேயே பேசினார். நாலு மாதமாகத் தொலைந்து போயிருந்த அந்தப் பெரிய தொண்டையில் பாதிதான் வந்தது. "ஒரு நாளு கூட நல்லா இல்லப்பா. காலைல கண்ணு முழிச்சா, இன்னாத்துக்கு முழிச்சோம்னு கீது. சாவணும்னு இல்ல. இருக்கணும்னு தோணல, அவ்ளோதான். இவ மார்க்கர வெச்சிகினு நிக்கறா, சுகா நிக்குது, நீங்கல்லாம் கை தட்றீங்க. எப்பிடி சொல்றது? நம்பரு ஏறிகினே போவுது. அம்பதுல சொல்ல முடில. எம்பதுல சொல்லவே முடில. மாத்திர பதினாறு நாளா முழுங்கல. பிரிச்சி பிரிச்சி பாத்ரூம்ல கொட்டிட்டேன்."

என் கை தானாக அவர் நாடிக்குப் போனது. பதினாறு நாள்! அப்புறம் கனகம் அக்கா கத்தினார்.

"அடப்பாவி மனுசா! மாத்திரய சாக்கடையில வுட்டுட்டு எங்கிட்ட சூப்பருன்னா சொல்லிகினு இருந்த? நாலு மாசமா தொண்டைய அடக்கிகினு, குக்கர பரண்ல போட்டுட்டு, சொந்த வூட்ல திருடி மாதிரி நடந்துகினு கீறேன்யா நானு! வாயத் தொறந்து சொன்னா இன்னா? நான் இன்னா மேனேஜரா? உன்கிட்ட பன்னண்டு பக்கம் எழுதி வாங்கப் போறேனா?"

கேக் வெட்டும் கத்தியோடு நின்றிருந்த மேனேஜர் ஸ்ரீதர் கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். தெருமுனையில் காய் வண்டி நின்றுவிட்டது. அக்கா அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்து உலுக்கினார், அப்படியே அவர் மார்பில் முட்டிக்கொண்டு அழுதார், நடுவில் தலையைத் தூக்கி மறுபடியும் திட்டினார். அண்ணாச்சியும் அழுதார். அழுதுகொண்டே, "இப்பதான்டி வூடு மாதிரி கீது" என்றார்.

அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து கட்டுப் போட்ட ஒரு விரல் மேலே எழுந்தது. "சார், எனக்கும் ஒன்னு சொல்லணும்" என்றான் வெங்கடேசன். விரல் இரண்டு விரல் அளவுக்கு வீங்கியிருந்தது. "இது வியாழக்கெழம நடந்துச்சி. சுகாவ ஒன்னும் சொல்லாதீங்க, நான்தான் எழுத வாணாம்னு சொன்னேன். செம வலி சார். சூப்பர்லாம் இல்ல."

"ரெண்டு பேரும் பஸ்ஸுல ஏறுங்க!" என்று நான் போட்ட சத்தம் கனகம் அக்காவின் சத்தத்துக்குச் சமமாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். இரண்டு பேர் ஏற வேண்டிய பஸ்ஸில் நாற்பது பேர் ஏறினார்கள். யாரையும் இறக்க எனக்கு நேரமில்லை. அண்ணாச்சிக்கு உடனே கொடுக்க வேண்டிய மாத்திரையைப் போனில் டாக்டரிடம் கேட்டுக் கொடுத்து, நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தேன். மணிகண்டபிரபு கேக்கை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவன் சட்டையில் கொஞ்சம் கிரீம் ஏறியது. "போர்டு ஐடியா என்னோடதுண்ணே, என்னை அடிங்கண்ணே" என்று புலம்பினான். "வுட்றா, எனக்கு இந்த வித்தைய கத்துக்குடுத்ததே நம்ம லைனுதான்" என்றார் அண்ணாச்சி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை எங்களுடையது. பிடித்தவர்கள் நாற்பது பேரும் அந்தப் பஸ்ஸில் இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் எங்கள் படையெடுப்பைப் பார்த்து, பெரிய விபத்து என்று நினைத்து நாலு ஸ்ட்ரெச்சர்களை உருட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஈ.சி.ஜி.யில் புதிதாக எதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனையிலும் இல்லை. அந்தத் தாளை நான் மூன்று முறை வாசித்தேன், பிறகு முன்பின் தெரியாத ஒரு வார்டு நர்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "பதினாறு நாள் விட்டுட்டு நடந்து வந்திருக்கீங்க, உங்களுக்கு ஆயுசு கெட்டி" என்று இதய டாக்டர் திட்டினார். வெங்கடேசனுக்கு விரலைக் கீறிச் சுத்தம் செய்து ஊசி போட்டார்கள். பாதி அழிந்து "10" என்று மட்டும் தெரிந்த கேக்கை வார்டு நர்ஸுகள் சாப்பிட்டார்கள்.

அண்ணாச்சியை ஒரு நாள் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் மனநல டாக்டர் வந்தார். ஓர் அம்மாள், அண்ணாச்சியின் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு, அவசரமே இல்லாமல் கேட்டார். தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆசை வருகிறதா, சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா. ஒவ்வொன்றுக்கும் அண்ணாச்சி யோசித்து யோசித்து உள்ளதைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த கனகம் அக்கா என் கையை நசுக்கியே விட்டார்.

"மாரடைப்பு வந்தவங்கள்ல அஞ்சு பேருக்கு ஒருத்தர் இப்படி ஆகறாங்க" என்றார் டாக்டர். "இது வீம்பு இல்ல, சோம்பேறித்தனம் இல்ல, உங்க வைஃப் சமையலும் இல்ல. இதுவும் ஒரு வியாதி. மருந்து இருக்கு, பேச்சு இருக்கு, நடை இருக்கு. சில வாரம் ஆகும். நடுவுல மோசமான நாளும் வரும், அன்னைக்கு மோசம்னே சொல்லணும்."

சமையல் விஷயத்தைக் கேட்டதும் கனகம் அக்கா வெங்கடேசனைத் தேடினார். அவன் வெளியே போயிருந்தான்.

"அஞ்சுல ஒருத்தனா?" என்றார் அண்ணாச்சி. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "மீதி நாலு பேரு யாரு மேடம்? ஒரு தபா காட்டுங்க, அவனுங்க மூஞ்சிய பாக்கணும்." இந்த முறை அவர் முதலில் சிரிக்கவில்லை. நாங்கள்தான் சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை ரெஜிஸ்டரைத் திறந்து வெங்கடேசனின் விரலை உள்ள தேதியோடு எழுதினேன். மூன்றாம் லைன் பூஜ்யமானது. பன்னிரண்டு பக்கமும் வந்தது. ஏன் உடனே எழுதவில்லை என்று எனக்கு மெமோவும் வந்தது. மேனேஜரே நேரில் பார்த்த விஷயம், அதனால் பொய் எழுதுகிற சிரமம் இல்லை. அந்த வாரமே பின்வாசலைத் தவிர்த்து முன்வாசல் வழியாக ஐந்து விரல்களும் ஒரு முழங்கையும் வந்தன. பாதுகாப்பு அதிகாரிக்குத் தலை சுற்றியது. எனக்கு வேலை இரண்டு மடங்கானது.

புதன்கிழமை காலை ஏழே கால். பி.பி. கருவியோடு கீழே இறங்கினேன். ஹால் சுவரில் போர்டு இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அதில் அக்கா துணிப்பையை மாட்டியிருந்தார். கையில் பட்டையைச் சுற்றிவிட்டு, எழுதவோ போட்டோ எடுக்கவோ யாரும் காத்திருக்காமல், சும்மா கேட்டேன்.

"எப்படி இருக்கிய அண்ணாச்சி?"

அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, எனக்கான பஸ்தான். நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்கு நல்லா இல்ல சுகா" என்றார் அண்ணாச்சி. "நேத்தவிட மோசம். எந்திரிக்கறதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சி."

என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் சரி, எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. நாலு மாதமாக அந்த வீட்டில் யாரும் எனக்குச் சொல்லாத உண்மை அது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி அண்ணாச்சி, சொல்லுங்க, கேக்கேன்" என்றேன்.

சமையலறையிலிருந்து, தெருவே கேட்கும்படி, கனகம் அக்காவின் குரல் வந்தது. "நல்லா இல்லன்னா இன்னா, இட்லி வாணாமா? ரெண்டா நாலா, சொல்லுய்யா!"

அண்ணாச்சி யோசித்தார்.

"மூணு" என்றார்.